மூன்று வெள்ளி மலிவு

எங்கள் கடையில் ஒரு போத்தல் இருபத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். அதே சாலையில் நான்கு கடை தள்ளி, அதே போத்தல், அதே வரி முத்திரை, இருபத்தொன்பது வெள்ளி. என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த மூன்று வெள்ளியில்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் கடைக்குப் போகும்போது வேண்டுமென்றே அந்தக் கடை வழியாக மோட்டாரை ஓட்டிக்கொண்டு போவேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கவலையாக இருக்கும். இல்லாவிட்டாலும் கவலைதான். ஒருவேளை நாம் தப்பாக ஏதாவது செய்கிறோமோ என்று.

நாங்கள் விற்பது வேப், மின்சிகரெட். ஊதும் கருவி, அதற்குள் ஊற்றும் லிக்விட், அதைச் சூடாக்கும், அடிக்கடி மாற்ற வேண்டிய காயில். போத்தல் என்றால் லிக்விட் போத்தல்; மாம்பழம், திராட்சை, புதினா என்று வாசனைக்கு ஒன்றாக வரும். வியாபாரத்தில் முக்கால்வாசி அதுதான். ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் முன்பாதி எங்களுடையது. பின்பாதியில் வீட்டுக்காரர் பக்கத்தில் உள்ள தம் சாப்பாட்டுக் கடைக்கு வேண்டிய அரிசி மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். எங்கள் அட்டைப்பெட்டிகளையும் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். திறந்த புதிதில் கண்ணாடி அலமாரிக்குள் நீல விளக்குப் போட்டு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். பிறகு, சாமானைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அலமாரிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். விலைச்சீட்டும் தாளுக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் கடையில் விலையை வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்வது பெரும்பாலும் என் அக்கா.

எங்கள் வீட்டில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பா லாரியில் சாமான் ஏற்றி இறக்கியவர். இடுப்பு போன பிறகு நாங்கள் குடியிருக்கும் சுங்கை பினாங் அடுக்குமாடியின் படிகளே அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டன. அக்கா பள்ளியை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில் என் கல்லூரிக் கட்டணம் போனது. கணக்கியலில் டிப்ளோமா முடித்து, ஓர் அலுவலகத்தில் பிறருடைய பில்களை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, சேர்த்த பணத்தில் இந்தக் கடையைத் திறந்தேன். திறக்கிற வாரம் அக்காவிடம், "ரெண்டு மாசம் வந்து உக்காரேன், அப்புறம் நான் ஆள் போட்டுக்கிறேன்" என்றேன். அவள் தொழிற்சாலை வேலையிலிருந்து நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு மாதம் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இந்தத் தொழில் கூச்சம். படிக்க வைத்த பிள்ளை புகை விற்கிறான் என்று கோயிலில் யாரிடம் சொல்வது? "கைப்பேசி சாமான் கடை" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி ஓர் அத்தை உண்மையாகவே கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்ட வந்துவிட்டார். அக்கா அவரை உட்கார வைத்து, எதிர்க்கடைக்கு ஓடி ஒரு கண்ணாடி வாங்கி வந்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டிக் கொடுத்து, ஐந்து வெள்ளி மட்டும் வாங்கினாள். அந்தக் கண்ணாடியின் விலை எட்டு வெள்ளி. அக்கா அப்படித்தான். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் கடையிலிருந்து நான் கேட்காமலே தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வந்தால் மட்டும் ஏதோ செலவு வருகிறது என்று அர்த்தம். போன மாதம் அப்படி வந்தது. நுரைகூட அடங்கவில்லை, அவரே பின்னால் வந்து நின்றார்.

"தே குடிச்சீங்களா தம்பி?"

"குடிக்கிறேன் மாமா."

"குடிங்க, குடிங்க. வர்ற மாசத்துலேர்ந்து வாடக இருநூறு கூட்டிக்கிறேன். வீட்டு வரி ஏறிருச்சி. நான் என்னா செய்ய?"

"மாமா, கரண்டு பில்லே கழுத்த நெரிக்குது. ஏசிய அணைக்க முடியல, சூட்டுல லிக்விட் கெட்டுப் போயிரும்."

"தெரியும் தம்பி. அதுக்குத்தானே தே அனுப்பிச்சேன்."

அதே வாரம்தான் அக்காவுக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காயில் டப்பா ஒன்றின் மேலிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"பழைய லைன்ல லீடரா இருந்தாங்களே, அந்தக்கா போன் பண்ணாங்க. புது லைன் தொறக்கறாங்களாம். பெர்மனன்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"நீ என்னா சொன்ன?"

"தம்பியக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

தம்பியைக் கேட்டுவிட்டு. என்னிடம் எதைக் கேட்கிறாள்? போகட்டுமா என்றா, போக வேண்டாமா என்றா? நான் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன். கறுப்புத் தாளில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏசியின் குளிரைக் கூட்டினேன். பிறகு குறைத்தேன். அவள் போனால் ஆள் போட வேண்டும். ஆள் போட்டால் இருபத்தாறு நிற்காது. இருபத்தாறு நிற்காவிட்டால் அந்த நான்காவது கடைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இது ஒன்றைத் தவிர எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

அந்த நான்காவது கடை முதலாளி, எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுபவர், மறுநாள் எங்கள் கடைக்குள் வந்தார். சீனர், அரைக்கால் சட்டை, சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே நடப்பவர். ஒன்றரை வருடத்தில் அவர் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. மலாயில்தான் பேசிக்கொண்டோம்; என்னை அடிக், தம்பி, என்றுதான் கூப்பிட்டார்.

"அடிக், கோவிச்சுக்காத, ஒண்ணு கேக்கறேன். இருபத்தாறுக்கு எப்படி விக்கிற? முத்திரை இல்லாத சாமானா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அலமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து முத்திரையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நல்ல சாமான்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு வாடகை கேட்டார். சொன்னேன். அவருடையதும் ஏறக்குறைய அதுதான். கரண்டு? அதுவும் அதேதான். மொத்த வியாபாரி போடும் விலை? அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் குறைவு, நிறைய எடுக்கிறார்.

"அப்ப ஆளுக்கு எவ்வளவு குடுக்கிற?"

"ஆள் இல்ல தவுக்கே. எங்க அக்கா."

"அக்காவுக்கு எவ்வளவு?"

"அக்கா, தவுக்கே."

"அதான் சொல்லிட்டியே. எவ்வளவு?"

அக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "நான் பிரீ, தவுக்கே. கடை வாங்கினா அக்கா இலவசம்."

தவுக்கே சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தார். "எங்க கிடைக்கும் இந்த மாதிரி? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். போகும்போது ஒரு டப்பா காயில் வாங்கிக்கொண்டு போனார், காசு கொடுத்துத்தான். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் போனாலும் போதும். ஆனாலும் உடனே கிளம்பினேன். பாலத்தில் போயிருந்தால் ஓட்டுகிற கவனத்தில் மனம் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஃபெரியில் ஏறிவிட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, நடப்பதற்கும் இடமில்லாமல், கடலைப் பார்ப்பதைத் தவிர ஒரு வேலையும் இல்லாமல் நிற்கும் இடம் அது. அங்கே நின்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு போத்தல் போகிறது. தவுக்கே விலைக்கும் என் விலைக்கும் வித்தியாசம் மூன்று வெள்ளி. ஆயிரத்து ஐந்நூறு. அக்காவுக்குத் தொழிற்சாலை தருவதாகச் சொன்ன அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து எழுநூறு.

திரும்பவும் போட்டேன். வாடகை அவருக்கும் எனக்கும் ஒன்று. கரண்டு ஒன்று. சரக்கு அவருக்குத்தான் மலிவு. அப்படியானால் என் மலிவு எங்கிருந்து வந்தது? நான் சிக்கனமானவன் என்பதாலோ, படித்தவன் என்பதாலோ இல்லை. அக்காவின் சம்பளத்தை மூன்று மூன்று வெள்ளியாகப் பிரித்து, கடைக்குள் வருகிற எல்லோருக்கும் ஒன்றரை வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். யார் யாருக்கோ. நீலத் தலைமுடிப் பையன்களுக்கு. ஒருமுறைகூட நன்றி சொல்லாத ஒரு வங்கிக்காரருக்கு.

கல்லூரியில் செலவுக் கணக்குப் பாடத்தில் ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுக் கடைக்கு விலை நிர்ணயிக்கச் சொன்னார்கள். கடைக்காரரின் மனைவி சம்பல் கிண்டும் நேரத்துக்கும் கூலி போட வேண்டும், இல்லாவிட்டால் விலை பொய் என்று எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன் நான். நாசி லெமாக் கடைக்கு என்றால் எனக்கு அது தெரிந்தது. எங்கள் கடைக்கு வாடகை எழுதினேன், கரண்டு எழுதினேன், வங்கி அட்டை தேய்க்கும் இயந்திரத்துக்குப் பிடிக்கும் சில்லறைக் காசைக்கூட எழுதினேன். அக்காவை எப்படி எழுதுவது? வீட்டில் அம்மா சமைப்பதை யாராவது எழுதுகிறார்களா? எங்கள் ஆட்களில் யார் கடை போட்டாலும் முதலில் வந்து உட்காருவது வீட்டு ஆள்தான். அது செலவு என்று யாருக்கும் தோன்றாது. அப்பாவிடம் கேட்டால், அக்காவுக்கே சம்பளமா என்று என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

மறுநாள் காலையில் இரும்புக் கதவைத் தூக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அக்கா, இன்னியிலேர்ந்து போத்தல் இருபத்தொம்போது. ஒனக்கு மாசச் சம்பளம். சேமநிதியும் கட்டறேன்."

"யாரு கட்டறது, நீயா?"

"கடை."

"கடைன்னா நீதானே லா."

"நான் வேற, கடை வேற. கணக்குல அப்படித்தான்."

"அப்ப கடைகிட்டச் சொல்லு, மொதல்ல ஒரு நாற்காலி வாங்கிப் போடச் சொல்லி. இதுல ஒரு காலு ஆடுது" என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "சரி, பாப்போம். வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்குல்ல" என்றாள்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. விலை ஏறும், சம்பளம் கொடுப்பேன், அவள் இருப்பாள். கணக்கு நேராகிவிட்டது. முற்பகலில் பின்பக்கம் போய் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முன்னால் பேசுவதெல்லாம் கேட்கும். முதலில் வந்தவன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்களில் ஒருவன், எங்கள் வாடிக்கை.

"அக்கா, மாங்கா ஒண்ணு."

"இருபத்தொம்போது."

"அலாமா! நேத்து இருபத்தாறு!"

"அது நேத்து."

"அக்கா... நாந்தான்க்கா."

பிறகு பணப்பெட்டி திறக்கும் சத்தம். "சரி, இருபத்தாறே குடு. என் தம்பிகிட்ட மூச்சு விடாத."

நான் கையில் பெட்டியோடு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். அடுத்து அலுவலக உடையில் ஒரு பெண், தலையை நிமிர்த்தாமல் இருபத்தொன்பது கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்து வந்த பெரியவர் "தங்கச்சி" என்றார், இருபத்தாறு. பிறகு ஒரு மலாய் இளைஞன், "கக், போலே குராங்?" என்று சிரித்தபடி குறைக்கச் சொல்லிக் கேட்டான். கக் என்றாலும் அக்காதானே. அவனுக்கு இருபத்தேழு. உறவு சொல்லிக் கேட்டால் ஒரு விலை, மலாயில் உறவு சொன்னால் ஒரு விலை, ஒன்றுமே சொல்லாதவர்களுக்கு முழு விலை. எங்கள் கடைக்கு அன்று மூன்று விலை இருந்தது. மூன்றும் என் அக்காவின் வாயில் இருந்தன.

ஆள் போன பிறகு முன்னால் வந்தேன்.

"அக்கா, அந்த மூணு வெள்ளி கடையோடது இல்ல. ஒன் சம்பளம் அது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"அவன் மழையில ஓடறான்டா."

"நீ காலையிலேர்ந்து ஒக்காந்திருக்க."

"ஒக்காந்துதானே இருக்கேன். ஏசியில."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. விலையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். அதையே விளம்பரம் என்று சொல்லி அபராதம் போட்டால்? அன்று மத்தியானத்துக்குப் பிறகு நானே அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அக்கா வாடிக்கைக்காரர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே" என்றார்கள், "போஸ்" என்றார்கள், "தம்பி, நம்ம ஆளு" என்றார்கள். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. ஒருவன், "படிச்ச பையன் கடைன்னா இப்படித்தான், சொல்லுக்கு ஒரு பில்லு போடுவான்" என்று கூட வந்தவனிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். தவுக்கே கடைப் பக்கம்தான் போனான். விலை ஒன்றே என்றால் எங்கே வாங்கினால் என்ன? நான் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஒனக்கு வருது. எனக்கு வராது" என்றாள் அக்கா. குறை சொல்லும் குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை என் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வரும்போதே சொன்னாள். ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்ற பிறகுதான் முழுதாகக் கேட்டது.

"நான் போறேன்டா."

"நான்தான் சம்பளம் குடுக்கறேன்னு சொல்லிட்டேனே. நெசமாத்தான்."

"குடுப்ப, தெரியும். ஆனா மாசக் கடைசியில எண்ணி நீட்டறப்ப ஒன் மூஞ்சி எப்படி இருக்கும்னும் எனக்குத் தெரியும். வியாபாரம் கொறைஞ்ச மாசம் நானே வேணாம்னு சொல்லிருவேன். அங்க அதெல்லாம் இல்ல. தானா வந்து விழும். எவனும் என்னை அக்கான்னு கூப்பிட்டு அதுல மூணு வெள்ளி கொறைக்க மாட்டான்."

பின்னால் நின்ற காடி ஹார்ன் அடித்தது. விளக்கு எப்போதோ பச்சையாகிவிட்டிருந்தது. போகாதே என்று சொல்ல என்னிடம் நிறைய காரணங்கள் இருந்தன; எல்லாமே கடைக்கான காரணங்கள். கடை வாசலில் நிறுத்தி, அவள் இறங்கிய பிறகு, "தொழிற்சாலை பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டேன். "நம்ம புளோக்குக்குக் கீழதான்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் அங்கேயே நின்று போன் பண்ணி, வருகிறேன் என்று சொன்னாள்.

அக்கா போன பிறகு விலை இருபத்தொன்பதிலேயே நின்றது. மாம்பழம் வாங்கும் பையன் வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அக்கா எங்க?"

"வேலைக்குப் போயிருச்சி."

"அப்ப இங்க பாத்தது என்னாவாம்?"

நான் போத்தலை எடுத்து வைத்தேன். "இருபத்தொம்போது."

"ஏன்ணே ஏத்திட்டீங்க?"

"ஆள் சம்பளம் லா."

அவன் அலமாரிக்கு மேலே எம்பி, பின்னால் இருந்த காலாடும் நாற்காலியைப் பார்த்தான். "ஆளே இல்லியேண்ணே!" என்றான். முப்பது வெள்ளியைக் கொடுத்தான். ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் ஏதாவது வரும் என்று கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் கேட்டது நியாயம்தான். ஆள் இல்லாமல் ஆள் சம்பளம் வாங்குகிறேன். மூன்று வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்கிறேன், இன்னும் வராத ஒருவருக்காக. இதற்கிடையில் சாப்பிடப் போக வேண்டும் என்றால் கடையைச் சாத்த வேண்டும். சாத்திவிட்டு மாமா கடையில் சோற்றைப் பிசையும்போது யாராவது வந்து திரும்பிப் போகிறார்களா என்று வாசலையே பார்க்கிறேன். போத்தல் ஐந்நூறு போகாது, நானூறு போனால் பெரிது என்று தோன்றுகிறது. இந்த வியாபாரத்தையே மொத்தமாகத் தடை செய்யப் போகிறார்கள் என்று வாரம் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ஆள் எடுக்கலாமா, எடுத்த மறுமாதமே கடையை மூட வேண்டி வந்தால் அவரிடம் என்ன சொல்வது? இருந்தாலும் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம், சுங்கை பினாங்கிலிருந்தே ஓர் அம்மா வேலை கேட்டு வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்றைக்கு அக்காவும் தொழிற்சாலை சட்டையோடு பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து கையில் ஐஸ் கோப்பியோடு இருந்தாள். வந்த அம்மா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன வேலை என்றெல்லாம் கேட்கவில்லை.

"சம்பளம் எவ்வளவு தம்பி?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்து எழுநூறு."

"சேமநிதி?"

"உண்டு."

"எத்தனாந் தேதி குடுப்பீங்க? இழுத்தடிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"நல்லாக் கேளுங்கக்கா, விடாதீங்க" என்றாள் அக்கா.

"மாசக் கடைசி நாளு" என்றேன். அந்தத் தொகையும் இருநூறு கூடிய வாடகையும் நானூறு போத்தலும் தலைக்குள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன.

"டேய்" என்றாள் அக்கா, "மூஞ்சிய நேரா வச்சிக்கிட்டுச் சொல்லு."

திரும்பவும் சொன்னேன்.